காது முளைத்த கம்பி

நாய்க்குப் போட்ட வேலி யானைக்கு ஆகாது. இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனாலும் யானை நடமாடும் காட்டில் ரயில் பாதையை ஒட்டி மண்ணுக்குள் ஓடும் ஒரு கம்பியின் பிறப்பைச் சொல்ல, நாயிடமிருந்து தொடங்குவதுதான் சுலபம்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் பெக் என்றொரு விற்பனைப் பிரதிநிதி இருந்தார். ஊர் ஊராகக் காரில் சுற்றும் வேலை. சாலையில் அடிபட்டுக் கிடக்கும் நாய்களைப் பார்த்துப் பார்த்து மனம் கேட்காமல் ஒரு வழி யோசித்தார் என்று சொல்வார்கள். 1973-ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. வீட்டைச் சுற்றி ஒற்றைச் செம்புக் கம்பியை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் புதைக்க வேண்டும். அதன் இரு முனைகளும் வீட்டுக்குள் இருக்கும் ஒரு பெட்டிக்கு வரும். பெட்டி கம்பியில் மெல்லிய ரேடியோ அலையை ஓடவிடும். நாயின் கழுத்துப்பட்டையில் ஒரு சின்ன ரிசீவர். எல்லையை நெருங்கினால் பட்டை பீப் என்று கத்தும். அதையும் மீறிப் போனால் சுருக்கென்று ஒரு ஷாக். கம்பியில் ஷாக் கிடையாது என்பதைக் கவனியுங்கள். கம்பி எல்லையைச் சொல்கிறது, அவ்வளவுதான். தண்டனை நாயின் கழுத்தில் இருக்கிறது.

நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பெரிய ஓட்டை. முள்வேலியில் ஓர் இழை அறுந்தால் மற்ற இழைகள் நிற்கும். அறுந்த இடமும் கண்ணுக்குத் தெரியும். பெக்கின் வேலியோ ஒரே வளையம். மண்வெட்டி ஓரிடத்தில் பட்டால் வீட்டைச் சுற்றியுள்ள வேலி முழுவதும் அந்த நிமிடமே செத்துவிடும். எங்கே அறுந்தது என்று மண்ணுக்கு மேலே ஒரு தடயமும் இருக்காது.

அறுந்த இடத்தைத் தேடுவது ஒரு தனிக் கைவேலை. முதலில் கண்ணால் பார்ப்பது: புதிதாகக் குழி வெட்டியிருக்கிறார்களா, பெருச்சாளி வளை பறித்திருக்கிறதா, புல்வெட்டும் இயந்திரம் ஓரத்தை உரசியிருக்கிறதா. அதில் கிடைக்காவிட்டால் பாதி பாதியாகப் பிரிப்பது. வளையத்தின் நடுவில் ஓரிடத்தில் தோண்டிக் கம்பியை வெளியே எடுத்து, பெட்டியிலிருந்து தரைக்கு மேலாக ஒரு தற்காலிக வயரை அங்கே கொண்டுவந்து, எந்தப் பாதியில் தொடர்ச்சி இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது. பழுதான பாதியை மறுபடியும் இரண்டாக்குவது. நான்கைந்து முறை பிரித்தாலே தேட வேண்டிய இடம் சில அடிகளுக்குள் வந்துவிடும்.

பழைய ஆட்களுக்குப் பிடித்த வழி வேறு. பெட்டியின் ஒரு முனையை அறுந்த கம்பியோடும் மறு முனையை மண்ணோடும் சேர்த்துவிட்டு, ஒரு பாக்கெட் ரேடியோவை மீடியம் வேவில் நிலையம் எதுவும் இல்லாத இடத்துக்குத் திருப்பி, கம்பி போகும் வழியே தரையோடு தரையாகப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். கம்பிக்கு மேலே இருக்கும்வரை ரேடியோ இரையும். இரைச்சல் அடங்கும் இடத்தில் தோண்டினால் அறுந்த முனை கிடைக்கும். இருபுறமும் உறையைச் சீவி, இடைவெளிக்குப் புதுக் கம்பி வைத்து முறுக்கி, கிரீஸ் அடைத்த மூடியைப் போட வேண்டும். வெறும் இன்சுலேஷன் டேப்பைச் சுற்றிப் புதைத்தால் ஒரு மழைக்காலம் தாங்காது. தென்மேற்குப் பருவமழை விழும் மண்ணில் செம்பு பச்சை பூத்துப் போகும். ஈரத்தில் ஒருநாள் வேலை செய்து, வெயில் அடித்ததும் நின்றுபோய் ஆளைப் பைத்தியமாக்கும்.

புதைத்த கம்பியில் பழுதைத் தேடும் இந்தத் தலைவலிதான் நம் கதையின் உண்மையான கதாநாயகன். யானைக் கம்பி நாய் வேலியிலிருந்து பிறக்கவில்லை. அது பிறந்தது பழுது தேடும் கருவியிலிருந்து.

அந்தத் தலைவலி பெக்குக்கு நூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது. 1840-களின் கடைசியில் பிரஷ்யாவில் வெர்னர் ஸீமென்ஸ் தந்திக் கம்பிகளுக்குக் கட்டாபெர்ச்சா என்ற மரப்பாலை உறையாக்கி மண்ணுக்குள் புதைத்தார். பெர்லினிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட் வரை 1849-ல் செய்தி ஓடியது. பெருமை நீடிக்கவில்லை. உறை சரியில்லை, புதைத்த ஆழம் போதவில்லை, எலிகள் கடித்தன. சில ஆண்டுகளில் அந்த அரசு கம்பத்தில் கட்டும் கம்பிகளுக்கே திரும்பிவிட்டது. அந்தத் தோல்வி கொடுத்த பாடம் ஒன்று: கம்பியின் மின்தடை நீளத்துக்கு ஏற்பக் கூடுகிறது; ஆகவே முனையில் உட்கார்ந்து தடையை அளந்தால், எத்தனை மைலில் மின்சாரம் மண்ணில் கசிகிறது என்று கணக்குப் போடலாம். ஊரெல்லாம் தோண்ட வேண்டாம்.

1858-ல் அட்லாண்டிக் கடலடியில் போட்ட முதல் தந்திக் கம்பி சில வாரங்களிலேயே ஊமையானபோது இந்தக் கணக்கு வெறும் வசதியாக இல்லாமல் பிழைப்பாகவே மாறியது. கடலில் எங்கே என்று தேடுவது? குரோம்வெல் வார்லி போன்ற பொறியாளர்கள் கரையிலிருந்தபடியே பழுதின் தூரத்தை மதிப்பிடும் முறைகளைத் தீட்டினார்கள். கசிவு இல்லாமல் கம்பி சுத்தமாகவே துண்டாகியிருந்தால் தடை அளவு உதவாது. அப்போது மிஞ்சியிருக்கும் துண்டு எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கிறது என்று பார்த்தார்கள். தேங்கும் அளவு பாதி என்றால் கம்பியும் பாதிவழியில் நிற்கிறது. ரேடார் வந்த பிறகு இன்னொரு வழி சேர்ந்தது: கம்பியில் ஒரு துடிப்பை அனுப்பி, அறுந்த முனையில் மோதித் திரும்பும் எதிரொலியின் நேரத்தை எடுப்பது.

அடுத்த திருப்பம் கண்ணாடியில் வந்தது. ஒளியைக் கண்ணாடி இழைக்குள் அனுப்பித் தொலைத்தொடர்பு நடத்தலாம் என்று சார்லஸ் காவ் 1966-ல் எழுதினார். 1970-ல் கார்னிங் நிறுவனம் அதற்குத் தகுந்த தெளிவுள்ள இழையை இழுத்துக் காட்டியது. அதுவும் மண்ணுக்குள்தானே போகும்? அதுவும் அறுந்துதானே தீரும்? 1976-ல் மைக்கேல் பார்னோஸ்கியும் அவரது சகாவான ஜென்சனும் விடை கொடுத்தார்கள். இழையின் ஒரே முனையில் நின்று லேசர் துடிப்பை அனுப்பி, திரும்பி வரும் மிகச் சொற்பமான ஒளியை நேரத்தோடு வரைவது. கேபிள் வேலை செய்பவர்கள் இன்று கையில் தூக்கிக்கொண்டு அலையும் ஓடிடிஆர் கருவி அப்படித்தான் வந்தது.

அறுந்த முனையிலிருந்து மட்டும் ஒளி திரும்பினால் இந்தக் கருவி பழைய எதிரொலி முறையின் ஒளிப் பதிப்பாக நின்றிருக்கும். இழையின் ஒவ்வோர் அங்குலமும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அதன் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகள் ஒளியைச் சிதறடிக்கும். வானத்தை நீலமாக்கும் அதே ராலே சிதறல். (கடலின் நீலத்துக்குக் காரணம் தேடிப் போய், திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் கண்ட இன்னொரு சிதறலும் இதே இழைக்குள் நடக்கிறது. அதைக் கொண்டு இழை நெடுகிலும் வெப்பநிலையை அளக்கிறார்கள். அது வேறு கதை.)

கண்ணாடிக்குள் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. துடிப்பு கிளம்பி 1 மைக்ரோவினாடியில் திரும்பும் ஒளி 100 மீட்டரிலிருந்து வந்தது. 10 மைக்ரோவினாடியில் திரும்பினால் 1 கிலோமீட்டர். எங்கே ஒளி சட்டென்று அற்றுப் போகிறதோ அங்கே கேபிள் அறுந்திருக்கிறது.

இந்தக் கருவியில் ஒரு தொல்லை இருந்தது. லேசர் மிகச் சுத்தமான ஒற்றை நிறத்தில் இருந்தால், இழையின் பல புள்ளிகளிலிருந்து சிதறித் திரும்பும் ஒளிகள் ஒன்றோடொன்று கூடியும் கழிந்தும் வரைபடத்தைக் கோணல் மாணலாக்கின. பழுது தேடுபவர்களுக்கு அது வேண்டாத இரைச்சல். அதைத் தவிர்க்க வேண்டுமென்றே சுத்தம் குறைந்த ஒளியைப் பயன்படுத்தினார்கள். ஆனால் அந்தக் கோணல் ஒவ்வொரு முறையும் தன்னிஷ்டத்துக்கு வருவதில்லை. இழையைத் தொடாமல் விட்டால் அதே கோணல் மறுபடி மறுபடி வரும். ஓரிடத்தில் தரை லேசாக அதிர்ந்து இழை நம்ப முடியாத அளவு சிறிதாக நீண்டாலும், அந்த இடத்துக்குரிய கோணல் மட்டும் மாறும். டெக்சாஸில் ஹென்றி டெய்லர், லீ இருவரும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். மண்ணில் புதைத்த இழையின் மேல் யாராவது நடந்தால் கண்டுபிடிக்கும் முறைக்கு 1993-ல் அவர்களுக்குக் காப்புரிமை கிடைத்தது. இத்தனை காலம் அறுந்த இடத்தைச் சொன்ன கருவி, அறுபடாத கம்பியின் மேல் என்ன நடக்கிறது என்று சொல்லத் தொடங்கியது. கம்பிக்குக் காது முளைத்தது அன்றுதான். வேலைக்கு இடையூறு என்று ஒதுக்கிய இரைச்சலே வேலையாக மாறியதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

இராணுவ முகாம்கள், எண்ணெய்க் குழாய்கள், எண்ணெய்க் கிணறுகள் என்று சுற்றிவிட்டு அந்தக் காது இந்தியாவில் யானையிடம் வந்தது. வடகிழக்கு எல்லை ரயில்வே 2022-ல் வட வங்காளத்திலும் அசாமிலும் யானை கடக்கும் பகுதிகளில் இதைச் சோதித்தது. ரயில் பாதை நெடுகத் தொலைத்தொடர்புக்காக இழைகள் ஏற்கெனவே மண்ணுக்குள் கிடப்பது வசதியாகப் போயிற்று. 2023 நவம்பரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இதற்கு ‘கஜராஜ்’ என்று பெயர் சூட்டி, கேரளமும் தமிழ்நாட்டின் சில பகுதிகளும் உள்ளிட்ட மாநிலங்களில் 700 கிலோமீட்டருக்கு 181 கோடி ரூபாயில் விரிவாக்கப் போவதாக அறிவித்தார்.

தெற்கு ரயில்வே இந்த முறைக்கு எடுத்துக்கொண்ட இடம் பாலக்காட்டுக் கணவாயின் வாசல்: கொட்டேக்காடு, கஞ்சிக்கோடு, வாளையார், எட்டிமடை, மதுக்கரை. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிடும் இந்த இடைவெளியில் 1862 முதல் ரயில் ஓடுகிறது. இந்தப் பகுதியில் ஏறுபாதையும் இறங்குபாதையும் ஒட்டிப் போகாமல் பிரிந்து போகின்றன. அதில் ஒன்று காட்டுக்குள் நுழைகிறது. தண்ணீருக்கும் தீவனத்துக்கும் யானை கடந்தே தீர வேண்டிய இடம். 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூர் – சென்னை விரைவு ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன் பிறகு இரண்டு மாநிலங்களிலும் பேச்சு சூடானது. தமிழக வனத்துறை 2024 பிப்ரவரியில் மதுக்கரையில் 12 கோபுரங்கள் நட்டு, வெப்பக் கேமராக்களும் செயற்கை நுண்ணறிவும் கொண்ட கண்காணிப்பைத் தொடங்கியது. அது கண். ரயில்வே தேர்ந்தெடுத்தது காது. மூடுபனியிலும் புதர் மறைவிலும் கண் தடுமாறும், காது தடுமாறாது. ஆனால் காதுக்கு வேறு சிக்கல்கள் உண்டு.

யானை அத்தனை கனமாக இருந்தும் மெத்தென்று நடக்கும் பிராணி. அதன் பாதத்துக்குள் கொழுப்புத் திண்டு இருக்கிறது. தேசிய நெடுஞ்சாலையில் போகும் லாரி, கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளின் இயந்திரம், மேயும் மாடு, தண்டவாளம் சரிபார்த்துக்கொண்டு நடக்கும் கேங்மேன் என எல்லாமே அதே மண்ணைத்தான் அதிர வைக்கின்றன. 30 கிலோமீட்டர் இழையில் வினாடிக்கு 3,000 முறைக்கு மேல் துடிப்பு அனுப்பலாம். ஒவ்வொரு துடிப்புக்கும் ஆயிரக்கணக்கான புள்ளிகளிலிருந்து பதில் வரும். இந்தக் குவியலில் யானையின் நடை எது என்று மென்பொருள் கற்றுக்கொள்ள வேண்டும். கரிசல், சரளை என்று மண் மாற மாற மறுபடியும் கற்க வேண்டும். மழையில் ஊறிய மண் ஒருவிதமாக அதிரும், கோடையில் இறுகிய மண் வேறுவிதமாக. யானை என்று முடிவானால் நிலைய மேலாளருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் எச்சரிக்கை போக, அங்கிருந்து எஞ்சின் ஓட்டுநருக்குச் சொல்லி வேகத்தைக் குறைக்க வைப்பது திட்டம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. யானைகளே மண்ணின் அதிர்வைக் கால் வழியாகக் கேட்பவை என்று நமீபியாவில் கெய்ட்லின் ஓ'கானல் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டியிருக்கிறார். யானைக்குத் தெரிந்த வித்தையை நாம் கண்ணாடி இழைக்கு இப்போதுதான் கற்றுக்கொடுக்கிறோம்.

இடுக்கியில் கதை தலைகீழ். அந்த மாவட்டத்தில் ரயிலே கிடையாது. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குப் போன குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலை 1924 வெள்ளம் அடித்துக்கொண்டு போனதோடு சரி. போடிமெட்டு ஏறினால் வரும் சின்னக்கானல், சாந்தன்பாறைப் பக்கம் ஏலத்தோட்டத்துக்கும் தேயிலைக்கும் நடுவில் யானையும் ஆளும் ஒரே பாதையில் நடக்கிறார்கள். அங்கே சோலார் வேலிதான் கதி. நியூசிலாந்தில் பில் கல்லாகர் 1930-களில் தன் குதிரை காரில் உடம்பை உரசுவதைத் தடுக்கக் காருக்கே மின்சாரம் கொடுத்துப் பார்த்த விளையாட்டிலிருந்து வளர்ந்த சாதனங்களில் அதுவும் ஒன்று. ஆனால் தந்தத்தில் ஷாக் ஏறாது என்று யானைக்குத் தெரிந்துவிட்டது. தந்தத்தால் கம்பியைத் தூக்கி அறுக்கும். தந்தமில்லாதது மரத்தைச் சாய்த்து வேலிமேல் போடும். அறுந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது என்பது ஒன்றே ஆறுதல்.

அரிசிக்காக ரேஷன் கடையையும் வீடுகளையும் உடைத்துப் பேரெடுத்த அரிக்கொம்பன் என்ற யானையை 2023 ஏப்ரல் 29 அன்று சின்னக்கானலில் மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். அசாமிலிருந்து வரவழைத்த ரேடியோ காலரைக் கழுத்தில் மாட்டிப் பெரியார் புலிகள் காப்பகத்தில் விட்டார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை. மே 27 அன்று கம்பம் நகரத் தெருக்களில் ஓடிக்கொண்டிருந்தது. ஜூன் 5-ல் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைப் பக்கம் மேல் கோதையாற்றில் விட்டது. காலர் யானை எங்கே போகிறது என்று சொன்னது, அதை நிறுத்தவில்லை. நிறுத்துவதற்கு அது நாய்ப்பட்டையும் அல்ல. பெக் ஒன்றாகச் சேர்த்ததை நாம் இரண்டாகப் பிரித்துவிட்டோம்: இடுக்கியில் கம்பியில்லாத பட்டை, பாலக்காட்டில் பட்டையில்லாத கம்பி. எல்லா யானைக்கும் பட்டை மாட்ட முடியாது என்பதால் கம்பிக்குத்தான் நீண்ட ஆயுள் என்பது என் கணிப்பு.

அந்த ஆயுள் பழுது பார்ப்பவரின் கையில் இருக்கிறது. செம்புக் கம்பியைப் போல இதை முறுக்கிக் கட்ட முடியாது. இழையின் குறுக்களவு 125 மைக்ரான், முடியளவு. அறுந்த இரு முனைகளிலும் உறையை உரித்து, ஸ்பிரிட் வைத்துத் துடைத்து, நேராக வெட்டி, ஸ்ப்ளைசிங் மெஷினில் எதிரெதிரே வைத்தால் மின்பொறி அடித்துக் கண்ணாடியை உருக்கி ஒட்டும். நல்ல கைக்காரர் போட்ட ஜாயின்டில் ஒளி இழப்பு 0.1 டெசிபலுக்கும் கீழே இருக்கும். சரியாக வெட்டாத முனை, ஓர் எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு தூசு போதும். இழை ஒட்டியிருக்கும், ஆனால் அதற்கு அப்பால் இருக்கும் யானையின் அடி மங்கிக் கேட்கும்.

இன்னொன்றைப் பலர் மறந்துவிடுவார்கள். அறுந்ததை ஒட்டும்போது கூடுதல் இழையைச் சுருட்டி ஜாயின்ட் பெட்டிக்குள் வைப்பது வழக்கம். 20 மீட்டர் அப்படிச் சேர்ந்தால், அந்த இடத்துக்கு அப்பால் வரும் எல்லா யானையும் திரையில் 20 மீட்டர் தள்ளி நிற்கும். இரண்டு மூன்று பழுதுக்குப் பிறகு, கம்பி சொல்லும் தூரமும் தண்டவாளத்துக் கிலோமீட்டர் கல்லும் ஒத்துப்போகாது. அதனால் ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் தெரிந்த கல்லுக்குப் பக்கத்தில் போய்ச் சுத்தியலால் தரையைத் தட்டி, திரையில் எந்த மீட்டரில் தெரிகிறது என்று பார்த்துக் கணக்கைத் திருத்த வேண்டும். ஒரு சுத்தியலும் ஒரு போனும் போதும் இந்த வேலைக்கு. செய்ய ஆள் வேண்டும்.

நாய் வேலியைவிட ஒரு விஷயத்தில் இது மேல். இரு முனையிலும் கருவி வைத்தால், நடுவில் ஓரிடத்தில் அறுந்தாலும் இரண்டு பாதிகளும் அறுந்த முனை வரைக்கும் கேட்டுக்கொண்டிருக்கும். ஒரு முனையில் மட்டும் வைத்துவிட்டு மிச்சம் பிடித்தால், அறுந்த இடத்துக்கு அப்பால் முழுச் செவிடு. அந்த இரவில் ரயில் என்ன வேகத்தில் போக வேண்டும் என்று யாராவது முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். கம்பி வந்துவிட்டது என்று பழைய வேகக் கட்டுப்பாட்டையும் யானைக் காவலரின் நடையையும் கைவிடுவது மடத்தனம்.

இந்தக் கம்பிகளை அதிகம் அறுப்பது யானையல்ல, நாம்தான். சாலை விரிவாக்கம், குடிநீர்க் குழாய், வாய்க்கால் தூர்வாருதல் என்று ஏதோ ஒன்றுக்காக வரும் ஜேசிபி ஒரு வாரலில் இழையை இழுத்துப் போட்டுவிடுகிறது. ஆகவே மதுக்கரையிலிருந்து கொட்டேக்காடு வரை ரயில் பாதை ஓரமாகத் தோண்டப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கேபிள் அடையாளக் கல் எங்கே நிற்கிறது என்று முதலில் பாருங்கள். ரயில்வேயிடம் கேட்காமல் வாளியை இறக்காதீர்கள். அப்படியும் அறுந்துவிட்டால் மண்ணைப் போட்டு மூடிவிட்டுப் போகாமல், பக்கத்து நிலையத்துக்கு அன்றைக்கே, இருட்டுவதற்கு முன்பே, போன் செய்துவிடுங்கள்.